மிச்சத்தை அளக்கும் டேப்

நடப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அது விதி. நின்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வந்த மனிதருக்குப் பத்து நிமிடம் அதிகம். ஆவுடைநாயகம் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நடைவழியைப் பார்த்தார். எங்கே நிற்பது என்பதைக்கூட வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தார். நாலாவது நிமிடத்தில், கண்ணாடிக் கதவு தாண்டியதும், இடது கையால் சுவரைப் பிடிக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்க வேண்டும். அதற்கு நடிக்க வேண்டியதில்லை, போன வருஷம் இதே நாளில் நிஜமாகவே வாங்கிய மூச்சு நினைவில் இருக்கிறது. ஜரினா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வருவாள். கடிகாரம் நிற்காது, அது ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் விதி. கடைசியில் நோட்டில் இருநூற்றுச் சொச்சம் மீட்டர் என்று எழுதுவாள். பதினெட்டாம் நம்பர் பேஷண்ட், பேஸ்மேக்கர் வைத்து ஒரு வருஷம், இருநூற்றுச் சொச்சம். வைப்பதற்கு முன்பே முந்நூற்று முப்பத்தொன்று நடந்தவர். டாக்டர் ஞானராஜ் அந்த எண்ணைப் பார்க்கும்போது முகம் எப்படி ஆகும் என்பதை ஆவுடைநாயகம் மூன்று மாதமாக விதவிதமாகப் பார்த்தாயிற்று. பஸ்ஸில் பார்த்தார், பல் தேய்க்கும்போது பார்த்தார். அந்த முகம் தொங்கிப்போவதைப் பார்க்கத்தான் இரண்டு பஸ் மாறி வந்து இப்படி உட்கார்ந்திருப்பதும்.

“என்ன அண்ணாச்சி, காலையில சாப்பிட்டியளா?” என்று கேட்டாள் ஜரினா. மேலப்பாளையத்துப் பெண். இந்த ஆராய்ச்சிக்கென்று வைத்திருக்கிறார்கள். ஆட்களை நடக்க வைத்து எழுதுவது அவள் வேலை. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு இட்லி.”

“ரெண்டுதானா? ஆறு நிமிஷம் நடக்கணும்லா?”

“ரெண்டு இட்லிக்கு ஆறு நிமிஷம் தாராளம்மா.”

அவள் சிரித்தாள். நல்ல பெண். இவள்மேல் கோபமில்லை என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் மூன்று மாதத்துக்கு முன்னால் நோட்டில் பார்த்த அந்த வரியை எழுதிய கை இவளுடையது. அந்த நேரம் பார்த்து, இட்லிப் பேச்சைக் கேட்டுக்கொண்டே டாக்டர் தன் அறையிலிருந்து வந்தார். நாற்பத்தைந்து வயசுக்கு முடி நிறைய இருந்தது.

“அண்ணாச்சி! இன்னைக்கு நானூறு தாண்டணும். போன மாசம் ஹைதராபாத் மீட்டிங்ல உங்க ஈசிஜியத்தான் போட்டுக் காட்டுனேன். அம்பது பேர் செல்போன்ல படம் எடுத்தான்.”

“என் மூஞ்சியையுமா சார்?”

“மூஞ்சி, பேரு எதுவும் காட்டக் கூடாது. பதினெட்டுன்னு மட்டும்தான்.”

பதினேழைக் காட்டினீர்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டார். கேட்டால் எல்லாம் இங்கேயே உடைந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். தட்டிய இடம் சட்டைக்குள் இரும்பு இருக்கிற பக்கம். தன் சாமானைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

ஜரினா கடிகாரத்தைக் கையில் எடுத்ததும் அவள் குரல் மாறியது. நடக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று அவளிடம் ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொரு நிமிடம் முடியும்போதும் ஒரு வரி. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது, கூட நடக்கக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரித்தால் நோயாளி கூடுதலாக நடந்துவிடுவானாம். “இந்தக் கூம்பிலிருந்து அந்தக் கூம்பு வரை முப்பது மீட்டர். ஆறு நிமிடத்தில் எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை போய் வர வேண்டும். ஓடக் கூடாது. தொடங்குங்கள்.” அவர் எழுந்து ஆரஞ்சுக் கூம்பைத் தாண்டி முதல் அடியை வைத்தார். ஒன்று.

முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்த கால். வரப்பில், உடைமரக் காட்டில், சுடுமணலில் நடந்து நடந்து ஓர் அடிக்கு எழுபத்தைந்து சென்டிமீட்டர் என்று படிந்துபோன கால். நிலம் அளக்கிற சங்கிலி போடுவதற்கு முன்னாலேயே நடந்து பார்த்து இத்தனை என்பார். சங்கிலி போட்டால் அரை அடிதான் அங்கே இங்கே இருக்கும். தாசில்தார் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார். முப்பது மீட்டருக்கு நாற்பது அடி. போன வருஷம் நெஞ்சு வலித்து, கால் வீங்கி, உதடு நீலம் பூத்து நடந்தபோதுகூட நாற்பதாவது அடியில் கூம்பு வந்தது. எண்ண வேண்டும் என்று எண்ணுவதில்லை, கால் தானாக எண்ணும். வீட்டில் அடுப்படியிலிருந்து வாசலுக்கு இருபத்திரண்டு. சுடுகாட்டில், கொட்டகையிலிருந்து ஆற்றுப் படி வரைக்கும் நூற்றுப் பதினாறு. குற்றாலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனபோதும் எண்ணியது இந்தக் கால், வெட்கம் கெட்டது. தம்பியின் தலை இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது. முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு. கூம்பு வந்துவிட்டது. அவர் திடுக்கிட்டார். முப்பத்தேழரையில் திரும்பினார். சரி, அடி நீண்டிருக்கிறது. ஒரு வருஷமாக இருதயம் ஒழுங்காக அடிக்கிறது, காலுக்கு ரத்தம் போகிறது, கால் நீள வைக்கிறது. அப்படியானால் இந்த எட்டிப் போடும் அடி ஞானராஜ் கொடுத்தது. தன் காலுக்குள்ளேயே அந்த ஆளின் கை புகுந்து வேலை செய்கிறது என்று நினைத்ததும் வாய் கசந்தது. பழைய முறையில் இருதயத்துக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிறுத்தித் தள்ளுகிற மாதிரி ரெண்டு வயர், புது முறையில் இருதயத்துக்குள் ஏற்கெனவே கரண்டு ஓடுகிற பாதையிலேயே ஒரே வயர் என்று முதல் நாள் இதே டாக்டர்தான் காகிதத்தில் வரைந்து காட்டினார். “வாய்க்கால் தூர்ந்துபோச்சுன்னு வைங்க. புதுசா ரெண்டு பக்கமும் பம்புசெட் போடலாம். இல்லைன்னா அடைப்புக்குக் கீழே, அதே வாய்க்கால்லேயே தண்ணிய விடலாம். எது நல்லதுன்னு பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கித்தான். உங்களுக்குச் சொல்ல மாட்டோம்.” அன்றைக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வாய்க்காலைச் சொன்னால் சர்வேயருக்குப் பிடிக்காமல் போகுமா. குற்றாலிங்கம்தான் உதட்டைப் பிதுக்கினான். பால் சொசைட்டியில் பால் டெஸ்ட் பண்ணுகிறவன், எதையும் குழாயில் விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டான். “அண்ணே, நீ மண்ண அளக்க, நான் பால அளக்கேன். இப்போ நம்ம ரெண்டு பேரையும் இவன் அளக்கான்.”

“நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடங்கள் உள்ளன.”

நன்றாகச் செய்கிறீர்கள். அவனுக்கும் இதே வரியைத்தான் சொல்லியிருப்பாள். அப்பா நாற்பத்தொன்பது வயசில் போனார், வயலில் குனிந்தவர் நிமிரவில்லை. பெரியப்பா ஐம்பத்திரண்டு. இருதயம் பெருத்துத் தொங்கிப்போவது இவர்கள் குடும்பத்துச் சொத்து. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நோய், ஒரே ஊர் என்று தெரிந்ததும் டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். வெள்ளானைக்குளத்துக்குக் கார் அனுப்பினார். நாற்பத்தி மூன்று கிலோமீட்டர், ஏசி வைத்த கார், டிரைவர் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான், தெருவே எட்டிப் பார்த்தது. சேர்க்கும்போது கார். வைத்து அனுப்பினபின் ஒரு மாதம் கழித்துக் குற்றாலிங்கம் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று இங்கே போன் பண்ணினான். எழுந்து நின்றால் இருட்டுகிறது, ரெண்டு தரம் தொழுவத்தில் விழுந்துவிட்டேன் என்று சொன்னான். எடுத்தவர் யாரோ, ஜரினா இல்லை, ஓர் ஆண் குரல், உங்களுக்குச் செக்கப் பதினெட்டாம் தேதி இருக்கிறதே, அன்றைக்கு வந்து காட்டுங்கள் என்றது. செப்டம்பர் பதினாறாம் தேதி காலை, பால் கேனுக்குப் பக்கத்தில் கிடந்தான். உள்ளூர் டாக்டர் வந்து பார்த்து, வயர் இடம் மாறியிருக்கும் என்றார். திருகி வைத்த வயர் நழுவினால் பெட்டி தன் பாட்டுக்கு அடிக்குமாம், இருதயத்துக்குக் கேட்காதாம். இருக்கும் என்றார், அவ்வளவுதான். திறந்து பார்க்கவா முடியும். இரண்டு நாள். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே இரண்டு நாள். கார் அனுப்பியிருந்தால் ஒரு மணி நேரம். திரும்பும் கூம்பு. மறுபடியும் முப்பத்தேழரை. அடி நீண்டிருந்தால் அதே அடிக்குத் தரை ஓடுகள் கூடுதலாகக் கடக்க வேண்டுமே. அவர் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினார். வெள்ளை ஓடு, அறுபது சென்டிமீட்டர் சதுரம், எங்கும் விற்கிற சாதாரண ஓடு. ஐந்து அடி வைத்தால் மூன்றே முக்கால் மீட்டர், ஆறு ஓடும் கால் ஓடும். சரியாக ஆறேகாலில் விழுந்தது. அடி நீளவில்லை.

“இப்படியே தொடர்ந்து செய்யுங்கள். இன்னும் நான்கு நிமிடங்கள் உள்ளன.”

அடி நீளவில்லை என்றால் வழி குறைந்திருக்கிறது. இந்த நினைப்பு வந்ததும் அவருக்கு நடப்பது மறந்துபோனது. கால் மட்டும் போனது. போன வருஷம் ஐம்பது ஓடு. அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஐம்பதாவது ஓட்டுக்கு நேரே சுவரில் தீயணைக்கும் சிகப்புக் குழாய், அதன் அடியில் கூம்பு. இப்போது சிகப்புக் குழாயைக் காணோம். அந்த இடத்தில் பலகை அடித்து ஒரு புது அறை கட்டியிருக்கிறார்கள், வெளியே தடுப்பூசி என்று எழுதி ஒட்டியிருந்தது. கூம்பு அந்தப் பலகை அறையின் மூலையை ஒட்டி நிற்கிறது. அவர் எண்ணினார். பத்து, இருபது. சக்கர நாற்காலியில் ஒரு கிழவியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் ஒதுங்கி நின்றான். முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு. மூலை. நாற்பத்தேழு ஓடு, இருபத்தெட்டே கால் மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைச்சல். திரும்பினார். திரும்பும்போது சிரிப்பு வந்தது, அதை மூச்சு வாங்குவதுபோல் வெளியே விட்டார். என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. தரையில் ஒட்டியிருந்த நாடாவைத் துடைக்கிற மிஷின் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். பலகை அறை வந்ததும் கூம்பை வைக்க இடமில்லாமல் மூலையில் வைத்திருப்பார்கள். ஒரு நாள் வைத்தால் மறுநாளும் அதே மூலை. இந்தப் பெண் என்ன சொல்ல வேண்டும், எந்தக் குரலில் சொல்ல வேண்டும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் எல்லாம் தாள் பார்த்துச் செய்வாள். ஆள் நின்ற இடத்தில் குதிகாலுக்குப் பின்னால் அட்டை வைத்து, கடைசி மிச்சத்தை மஞ்சள் டேப்பால் சென்டிமீட்டர் சுத்தமாக அளப்பாள். மிச்சத்தை அளக்க டேப் உண்டு. முழுசை யாரும் அளக்கவில்லை. முழுசு முப்பது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததை எவன் அளப்பான். சர்வேயில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம், எல்லைக் கல்லை நம்பாதே, கல்லிலிருந்து கல்லை அள.

“நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள். பாதி முடிந்துவிட்டது.”

பாதி முடிந்துவிட்டதா, முடியட்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு மீட்டர் எண்பது இலவசம். பதினாலு முறை போனால் இருபத்தைந்து மீட்டர் நடக்காமலே நடந்ததாக எழுதுவார்கள். தனக்கு மட்டுமல்ல, இந்தப் பலகை அறை வந்ததிலிருந்து நடந்த அத்தனை பேருக்கும். வைப்பதற்கு முன்னால் நடந்தது முழு முப்பது, வைத்த பின்னால் நடந்தது இந்த இருபத்தெட்டுச் சொச்சம். எல்லோரும் தேறியிருப்பார்கள். செத்துக்கொண்டிருப்பவன்கூடக் கொஞ்சம் தேறியிருப்பான். அவர் தன் வேலையின் முறைப்படி மனசுக்குள் ஒரு படம் வரைய ஆரம்பித்தார். வடக்கு மேலே. கூம்பு அ, கூம்பு ஆ. நடுவில் கோடு, கோட்டின்மேல் அளவு. ஓரத்தில் பலகை அறை, புள்ளியிட்ட கோட்டில் பழைய இடம். கீழே கையெழுத்து, ஆவுடைநாயகம், சர்வேயர், ஓய்வு. இதை இன்றைக்குக் கொடுக்கக் கூடாது. இன்றைக்கு இருநூறு மீட்டரில் நின்று சுவரைப் பிடிப்பது சின்னப் பிள்ளை வேலை, அது ஒரு எண், ஐம்பது எண்களுக்கு நடுவே ஒரு எண், ஞானராஜ் அதைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பான். இதுவோ அடிக்கல். அவன் எல்லாரையும் நடக்கவைத்து முடிக்கட்டும். எழுதட்டும். ஹைதராபாத்துக்குப் போகட்டும், வெளிநாடு போகட்டும், அம்பது பேர் படம் எடுக்கட்டும், மாலை போடட்டும். அப்புறம் ஒரு பதிவுத் தபால். அவன் மேலிடத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, அவனுக்கே ஒரு நகல், ஒப்புகை அட்டையோடு. பட்டா தகராறில் இருபது வருஷம் காத்திருந்து எதிராளி மாடி கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் போட்ட அன்றைக்கு வந்து கல்லைக் காட்டியவர்களை அவருக்குத் தெரியும். அப்போதெல்லாம் அவர்களைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கும். இவ்வளவு ருசி அதில் உண்டு என்று இப்போதுதான் தெரிகிறது. கால் இலகுவாகப் போனது. நெஞ்சு சத்தமில்லாமல் அடித்தது. அறுபத்துமூன்று வயசில் இப்படி நடந்து எத்தனை வருஷம்.

“இப்படியே தொடர்ந்து செய்யுங்கள். இன்னும் இரண்டு நிமிடங்கள் மட்டுமே உள்ளன.”

கண்ணாடிக் கதவு எப்போதோ போய்விட்டது. நாலாவது நிமிடமும் போய்விட்டது. சுவரைப் பிடிக்க மறந்தேபோனார். பரவாயில்லை, இனி அது வேண்டாம். இனி நன்றாகவே நடக்க வேண்டும், எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உயரத்திலிருந்து விழுவான். ஜரினா என்ன ஆவாள் என்ற கேள்வி வந்தது, வழியில் கிடக்கிற கல்போல. கூம்பை வைத்தவள் அவள். வேலை போகும். போகட்டும் என்று சொல்லிப் பார்த்தார், அது வாயில் நிற்கவில்லை. எழுதியவள் அவள்தானே. மூன்று மாதத்துக்கு முன்னால் கையெழுத்து வாங்க அவள் உள்ளே போயிருந்தபோது மேஜைமேல் அந்தப் பெரிய நோட்டு திறந்து கிடந்தது. பதினெட்டு, ஆ. நா., அறுபத்திரண்டு, ஆண். அதற்கு மேல் வரி பதினேழு, கு. லி., ஐம்பத்தெட்டு, ஆண். நேரே இங்கிலீஷில், லாஸ்ட் டு ஃபாலோ-அப். காணாமல் போனவர். மூன்று முறை போன் செய்தோம், பதில் இல்லை. முத்து முத்தான கையெழுத்து. செத்தவனைச் செத்தவன் என்று எழுதினால் கணக்கில் ஒரு சாவு ஏறும். காணாமல் போனவனுக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை, அவனைக் கழித்துவிட்டுக் கூட்டுவார்கள். ஒரே காரில் வந்த அண்ணன் தம்பி, ஒரே மூக்கு, ஒரே வழுக்கை. ஆறாம் மாதம் வந்தேன், ஒன்பதாம் மாதம் வந்தேன், தம்பி எங்கேன்னு ஒரு நாய் கேட்கவில்லை. ஒரு பேஷண்ட் விஷயத்தை இன்னொரு பேஷண்டிடம் பேசக் கூடாது என்று விதியாம். சேர்க்கும்போது கார், தேடும்போது மூன்று போன். மூன்று போன். இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் எப்போதும் நினைப்பு இடறும், இன்றைக்கும் இடறியது, கால்கூட அரை அடி பிசகியது. அந்த போன் எங்கே இருந்தது. பட்டன் போன், கறுப்பு, மூலை உடைந்தது. சாவுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நம்பரெல்லாம் அதில்தான் இருந்ததென்று அவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நெஞ்சு ஆபீஸ் என்று வந்தது. குற்றாலிங்கம் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தான்.

“நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் ஒரு நிமிடம் மட்டுமே உள்ளது.”

ஒன்பதாம் நாள் அடித்தது. பதினாறாம் நாள் காரியத்தன்று, அய்யர் தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தது, சிகப்புப் பொத்தானை அமுக்கினார். தேடட்டும் என்று நினைத்தார். நாற்பத்தி மூன்று கிலோமீட்டர் வந்து தேடட்டும், வாசலில் ஹாரன் அடிக்கட்டும், அப்போது சொல்லிக்கொள்கிறேன் என்று ஒரு வரி பேச்சு தயாராக வைத்திருந்தார். அது எவ்வளவு நல்ல பேச்சு. கார் வரவில்லை. அப்புறம் ஆறாம் மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கேட்கட்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டார். ஒன்பதாம் மாதமும். அவனைக் காணாமல் போகச் செய்ததில் தன் கட்டைவிரலும் உண்டு. இல்லை, அப்படி இல்லை, அவர்கள் செய்தது வேறு, இது வேறு. முப்பத்தேழரை. திரும்பு. சீட்டு எடுத்த அன்றைக்கு இதே நடைவழி, இதே நாற்காலி. மூத்தவர் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். “அண்ணே, நீ இரி. நான் முந்திப் போறேன், சாயங்காலப் பாலுக்கு நான் இல்லைன்னா தண்ணிய ஊத்திருவானுவ.” எழுந்து போய்விட்டான். போ என்று இவரும் சொன்னார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜரினா உறைக்கட்டின் மேலே இருந்த உறையை எடுத்துக் கிழித்தாள். மேலே இருந்தது பதினேழு. அடுத்தது பதினெட்டு. எந்த உறையில் எந்த வயர் இருந்ததோ யாருக்குத் தெரியும், ஆனால் பதினேழு யாருடையது என்று அவருக்குத் தெரியும். இந்த நெஞ்சுக்குள் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருப்பது அவன் உறை. தபால் அனுப்பி ஞானராஜை உயரத்திலிருந்து தள்ளிவிட இரண்டு வருஷம் ஆகும். இரண்டு வருஷமும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், மறுபடியும். தேடட்டும், கேட்கட்டும், எழுதட்டும். அந்த இரண்டு வருஷமும் நோட்டில் அவன் காணாமல் போனவனாகவே கிடப்பான். பஸ் ஸ்டாண்டில் எங்கேயோ திரிகிறவன் மாதிரி.

“நில்லுங்கள்.”

நின்றார். வியர்வை முதுகில் ஓடியது. ஜரினா குதிகாலுக்குப் பின்னால் அட்டையை வைத்தாள், தொடங்கின கூம்பிலிருந்து மஞ்சள் டேப்பை விரித்தாள். “ஒன்பது மீட்டர். பதினாலு முப்பது நானூத்தி இருபது. நானூத்தி இருபத்தொம்பது! அண்ணாச்சி, பின்னிட்டிய!” பழைய குரல் வந்துவிட்டது அவளுக்கு. சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார்.

“எவ்வளவு?”

“நானூத்தி இருபத்தொம்பது சார்.”

“முந்நூத்தி முப்பத்தொண்ணுல இருந்து! நான் சொன்னேனா இல்லையா? ரெண்டு இட்லிக்கு இது!” கையை நீட்டினார். ஆவுடைநாயகம் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஜரினா சுருட்டிக்கொண்டிருந்த டேப்பை வாங்கினார். முப்பது மீட்டர் டேப். பத்து மீட்டர் வரை அழுக்கேறியிருந்தது, அதற்கு மேல் கடையில் வாங்கின மாதிரியே பளிச்சென்று இருந்தது.

“நானூத்தி நாலுதான் சார்.”

“என்னது?”

“உங்க முப்பது முப்பது இல்ல. அந்தப் பலகை ரூமு வந்து எத்தனை நாளாச்சும்மா?”

“ரெண்டு மாசம் இருக்கும்” என்றாள் ஜரினா. அவள் பார்வை நடைவழியின் கடைசிக்குப் போனது, மூலைக்கு, கூம்புக்கு. முகம் வெளுத்ததை அவர் பார்த்தார். பதினோரு பேர் நடந்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

“அண்ணாச்சி, என்ன சொல்றீங்க, புரியல” என்றார் டாக்டர். புரிந்துவிட்டது என்பது குரலில் தெரிந்தது.

“அளந்து பாத்துருவோம்.” ஜரினா கூம்பண்டை குனியப் போனாள். “நீ இல்லம்மா. நீ நோட்டை எடு, நீ எழுதணும். முனைய சார் பிடிக்கட்டும்.”

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த பதினைந்து இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பேன்ட்டை முழங்காலில் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தினார். “கூம்புக்கு நடுவுல சார். பூஜ்யத்தைக் கட்டைவிரலால அமுக்கிக்கிடுங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது.” முப்பத்திரண்டு வருஷம் சங்கிலிக்காரர்களிடம் சொன்ன வார்த்தை. டேப்பை விரித்துக்கொண்டே நடந்தார், அவசரமில்லாமல். கிழவியின் சக்கர நாற்காலியைத் தாண்டினார். மூலைக்கு வந்து, கூம்பின் நடுவில் வைத்து இழுத்தார்.

“இருபத்தெட்டு இருபது. எழுதிட்டியாம்மா?”

“எழுதிட்டேன்.”

டாக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். “சார், விடச் சொல்லல. உக்காருங்க.” உட்கார்ந்தார். இருபத்தெட்டு மீட்டர் தள்ளி, குந்தினபடி, தலை நிறைய முடியோடு, சின்னதாகத் தெரிந்தார். மூன்று மாதமாகப் பார்த்து வைத்திருந்த எந்த முகமும் இல்லை அது. ஆவுடைநாயகம் குரலை உயர்த்தினார். வயல்வெளியில் அந்தக் கரைக்குக் கேட்கிற குரல்.

“ஜரினா, பதினேழாம் நம்பர் இருக்கிற பக்கத்தத் திருப்பு. குற்றாலிங்கம். என் தம்பி. காணாமப் போகல. செப்டம்பர் பதினாறு, காலையில ஆறு மணி, பால் சொசைட்டி. செத்துட்டான். எழுது. நாலு நாளைக்கு முந்திக் கண்ணு இருட்டுதுன்னு இங்க போன் பண்ணினான். பதினெட்டாந்தேதி வான்னு சொன்னிய. அதையும் எழுது.”

ஜரினா நோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பக்கம் கிடைக்கவில்லையோ, கண் தெரியவில்லையோ.

“அண்ணாச்சி,” டாக்டர் தரையிலிருந்து கூப்பிட்டார். “நாங்க மூணு தடவை போன்...”

“பண்ணினிய சார். அடிச்சுது. என் சட்டைப்பையிலதான் கெடந்துச்சு. நான் எடுக்கல.” அவருக்கு இப்போது மூச்சு வாங்கியது, நிஜமாகவே. “ஜரினா, அதையும் எழுதும்மா. அண்ணன் எடுக்கலன்னு. ஆவுடைநாயகம்னு பேரப் போட்டு எழுது.”

அவள் எழுதினாள். முடிக்கிறவரை அவர் விடச் சொல்லவில்லை, டாக்டரும் விடவில்லை. இழுத்துப் பிடித்த மஞ்சள் டேப் தரைக்கு ஒரு விரல்கடை மேலே லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த அதிர்வு எந்த முனையிலிருந்து வருகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.